வாய் திறந்து சிரித்த வருஷம்

என் மூத்த பெண்ணுக்கு நாலரை வயதில் ஒரே நாளில் ஒன்பது பற்களைப் பிடுங்கினார்கள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முகம் சுருங்கும். எனக்கோ, அவளுக்கு நான் செய்த நல்ல காரியங்களில் அதுதான் முதலில் நினைவுக்கு வரும். அந்தப் பற்கள் கெட்டுப்போனதும் என்னால்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

திருத்தணியில் மலைக்குப் படி ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு வெல்லக் கடை. திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் அச்சு வெல்லமும் உருண்டை வெல்லமும் வந்து இறங்கும். பொங்கல் வைக்கிறவர்கள், பஞ்சாமிர்தம் பிசைகிறவர்கள், ஆந்திராப் பக்கத்திலிருந்து காவடி எடுத்து வருகிறவர்கள் என்று எல்லோரும் எங்கள் கடையில் நின்றுதான் போவார்கள். யுத்தத்தில் சர்க்கரைக்கு ரேஷன் வந்த பிறகு ஊரே காப்பிக்கும் வெல்லம் போட ஆரம்பித்தது. கடையில் ஓர் ஆள் போதவில்லை. என் வீட்டுக்காரர் நிறுத்துப் போட, நான் பொட்டலம் கட்டினேன்.

பாப்பா அப்போது கைக்குழந்தை. கடைக்குப் பின்கட்டில் தூளி கட்டியிருந்தோம். அவள் அழுதால் வியாபாரம் நின்றுவிடும். மல் துணியில் ஒரு துண்டு வெல்லத்தை வைத்து முடிச்சுப் போட்டு வாயில் கொடுத்தால் சப்பிக்கொண்டே தூங்கிவிடுவாள். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு என் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது. இரண்டு வயது தாண்டும் வரைக்கும் அந்தத் துணி முடிச்சு இல்லாமல் அவள் தூங்கியதில்லை.

மூன்று வயதில் மேல் வரிசை முன்பற்கள் ஓரத்தில் பழுப்பாயின. பிறகு கறுத்தன. பிறகு ஒவ்வொன்றாக முனை உதிர்ந்து, ஈறோடு ஒட்டிய கறுப்புக் கட்டைகள்தான் மிச்சம் இருந்தன. கடைவாய்ப் பற்களில் குழி விழுந்தது. "பால் பல்லுதானே, தானா விழுந்து வேற முளைக்கும்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒன்றரை வருஷம் அவள் எப்படி இருந்தாள் என்பதைச் சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். அவள் சோற்றைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கஞ்சியை ஆறவைத்து ஊற்றினால் நாலு மடக்கு குடிப்பாள். சூடாக இருந்தால் துப்புவாள். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் வீறிடுவாள். எந்த நேரமும் இடது கன்னத்தில் ஒரு கை இருக்கும். அந்தக் கன்னத்தை யாராவது கொஞ்சித் தொட்டால் அடிப்பாள், கடிக்கப் போவாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அவளோடு விளையாட வருவதை நிறுத்திவிட்டார்கள். அவள் சிரித்து நான் பார்த்ததாக நினைவில்லை. எப்போதாவது சிரிப்பு வந்தால் உதட்டை மூடிக்கொண்டு மூக்கால் ஒரு சத்தம் போடுவாள். "சரியான பிடிவாதக்காரி, யார் குணமோ இது" என்று நான் என் வீட்டுக்காரர் பக்கத்து உறவுகளை எல்லாம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன்.

பல்லில் புழு எடுக்கிறேன் என்று ஒருத்தி தெருவோடு வந்தாள். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, அந்தப் புகையைப் பாப்பாவின் வாய்க்குள் பிடித்தாள். பிறகு ஒரு தட்டில் வெள்ளையாக இரண்டு புழுக்களைக் காட்டினாள். பாப்பா இருமி இருமி நீலமானாள். வலி அப்படியே இருந்தது. அடுத்தது அதைவிட மோசம். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் கடை போட்டிருந்த பல் பிடுங்குகிற ஆளிடம் நானே தூக்கிக்கொண்டு போனேன். நான் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, இன்னும் இரண்டு பேர் கையையும் காலையும் அமுக்கிக்கொண்டார்கள். அவன் குறடு போட்டு இழுத்ததில் பல் வரவில்லை, உடைந்தது. அதற்கப்புறம் வெள்ளைச் சட்டை போட்ட எந்த ஆளைக் கண்டாலும் அவள் மூட்டைகளுக்கு நடுவில் போய் ஒளிந்துகொள்வாள். என் மடியில்கூட உட்கார வரமாட்டாள். அதுதான் எனக்கு மிகவும் உறைத்தது.

ஐப்பசி மழையில் அவள் கன்னம் வீங்கியது. கண் இடுங்கிப்போய், உடம்பு அனலாய்க் கொதித்தது. அரசாங்க டிஸ்பென்சரி டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஜுரம் இறங்கிய பிறகு, அவள் வீறிட்டு அழும்போதே டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்.

"இது இங்க ஆவாதும்மா. ஒண்ணு ரெண்டு பல்லு இல்ல. கொழந்தை முழிச்சிகினு இருக்கறப்ப இதைச் செய்யக்கூடாது, முடியவும் முடியாது. பட்டணத்துல மயக்க மருந்து குடுத்து எல்லாத்தையும் ஒரே தடவைல எடுத்துடுவாங்க. கடுதாசி எழுதித் தரேன்."

கடுதாசியை வாங்கி வந்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டுத் தராசுக்கு அடியில் வைத்தார்.

"பல்லுக்காக யாராவது கொழந்தைக்குக் குளோரோபாரம் குடுப்பாங்களா?"

"டாக்டரு சொல்றாருங்க."

"எங்க அண்ணனுக்கும் டாக்டருதான் சொன்னாரு."

அவருடைய பெரியப்பா மகன் ரயில்வேயில் வேலை பார்த்தவர். கை நசுங்கி, ஆபரேஷனுக்காக மயக்க மருந்து கொடுத்ததில் கண் விழிக்காமலே போய்விட்டார். அந்த உடலை வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். அது தெரிந்ததால் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. எனக்கும் பயம்தான். வலியோடாவது பிள்ளை உயிரோடு இருக்கிறதே என்று நானும் நினைத்தேன்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பஸ் ஷெட்டில் வேலை பார்த்த மெக்கானிக் பாய். பெட்ரோல் தட்டுப்பாட்டில், கரி எரித்த புகையில் பஸ் ஓடிய காலம் அது. எப்போது வந்தாலும் அவருக்கு முழங்கை வரைக்கும் கரியாக இருக்கும். ஒரு நாள் வெல்லம் வாங்க வந்தவர், மூட்டை மேல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பாப்பாவைப் பார்த்தார். "வா கண்ணு" என்று கூப்பிட்டதற்கு அவள் ஒரு வெல்லக் கட்டியை எடுத்து அவர் மேல் எறிந்தாள். நான் அவள் முதுகில் ஒன்று வைக்கப் போனேன்.

"அடிக்காதே தங்கச்சி" என்றார் பாய். "இது கொழுப்பு இல்ல, வலி. எங்க வூட்டுப் பொண்ணும் இப்படித்தான் இருந்தா. நான் பெல்ட்டால அடிச்சிருக்கேன். அப்புறம் தெரிஞ்சுகினு நாலு நாள் எனக்குச் சோறு எறங்கல."

"பட்டணத்துக்கு இட்டுகினு போனீங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். குரல் மாறியிருந்தது.

"ஆங், போன வருஷம். மயக்க மருந்து குடுத்துத்தான் எடுத்தாங்க. நாளைக்குப் பொண்ணையே கூட்டியாரேன், நீங்களே கேளுங்கண்ணே."

சொன்னபடி மறுநாள் ஆறு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். எண்ணெய் வைத்து வாரி, பச்சைப் பாவாடை கட்டி, கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோல் இருந்தாள். "வாயைக் காட்டு" என்றார். அவள் தலையை அண்ணாந்து வாயைத் திறந்தாள். கீழே இரண்டு புதுப் பற்கள் வெள்ளை வெளேர் என்று முளைத்திருந்தன. மற்ற இடத்தில் ஈறு இளஞ்சிவப்பாக, சுத்தமாக இருந்தது. என் வீட்டுக்காரர் கல்லாவை விட்டு இறங்கி வந்து அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"அம்மாடி, மயக்க மருந்து குடுத்தப்போ உனக்கு இன்னா தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியல. தூங்கினேன். முழிச்சா பல்லு இல்ல. வாந்தி வந்துச்சு. அத்தா பலூன் வாங்கித் தந்தாங்க. அது வெடிச்சிடுச்சு."

பலூன் வெடித்ததைத்தான் அவள் பெரிய துக்கமாகச் சொன்னாள். என் வீட்டுக்காரர் அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்தார். தராசுக்கு அடியிலிருந்து கடுதாசியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"செவ்வாக்கிழமை கடையில கூட்டமா இருக்கும். புதன்கிழமை போலாம்" என்றார் என்னைப் பார்க்காமல்.

அரக்கோணத்தில் வண்டி மாறிப் பட்டணம் போய், சூளையில் என் சித்தி வீட்டில் தங்கினோம். முதல் நாள் ஆஸ்பத்திரியில் வாயையும் நெஞ்சையும் சோதித்தார்கள். அடுத்த நாள் காலையில் வரச் சொன்னார்கள். எழுந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார்கள். ஒன்றரை வருஷமாகச் சாப்பாட்டைக் கண்டு ஓடியவள் அன்றைக்கு என்று பார்த்து "கஞ்சி குடு" என்று அழுதாள். சித்தி சமையல்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே நின்றுகொண்டாள்.

அந்த அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறிய நெடி இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. பல் டாக்டர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். பார்த்த உடனே பாப்பா என் கழுத்தை இறுக்கிக்கொண்டு கத்தத் தொடங்கினாள். மயக்க மருந்து கொடுக்கிறவர் ஒரு டாக்டரம்மா. அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சாதாரண நூல் புடவையில், எங்கள் தெருவில் இருக்கிற யாரோ ஒருத்தி மாதிரி ஆகிவிட்டார். பல் டாக்டரைக் கண்ணால் வெளியே போகச் சொன்னார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பாப்பா "நைனா, நைனா" என்று வெளியில் நின்ற அப்பாவைக் கூப்பிட்டு அழுதது அவர் காதில் விழுந்தது.

"நைனாவா? நீங்க தெலுங்கா?" என்று என்னிடம் கேட்டார்.

"ரெண்டும் பேசுவோம்மா. திருத்தணி."

"பயப்படகு தல்லி" என்றார் பாப்பாவிடம். பயப்படாதே அம்மா என்று எங்கள் வீட்டில் சொல்கிற அதே மாதிரி. அவள் அழுகை ஒரு படி இறங்கியது.

"உங்க வீட்ல அடுப்பு யாரு ஊதுவாங்க?"

"அம்மா."

"நீ ஊத மாட்டியா?"

"ஊதுவேன்."

"பொய். இத்தனூண்டு பொண்ணு எப்படி ஊதும்?"

"ஊதுவேன்!" என்று அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

டாக்டரம்மா கம்பி வளைத்துத் துணி கட்டிய கிண்ணம்போல ஒன்றை எடுத்தார். "இந்த அடுப்பு அணைஞ்சு போச்சு. எங்கே, ஊது பார்க்கலாம்." பாப்பா என் மடியில் இருந்தபடியே ஊதினாள். துணியில் சொட்டுச் சொட்டாக மருந்து விழுந்தது. "இன்னும் பலமா. புகை வருது பாரு." ஊதினாள். நடுவில் ஒரு முறை தலையைத் திருப்பித் திமிறினாள். டாக்டரம்மா கையை எடுக்காமல் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். ஊதிய மூச்சு நீண்டது. என் விரலைப் பிடித்திருந்த அவள் கை மெதுவாகக் கழன்று விழுந்தது.

அந்தக் கை விழுந்த கணத்தை என்னால் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. அப்போது அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. நர்ஸ் அவளை வாங்கி மேஜையில் படுக்கவைத்தாள். "நீங்க வெளிய இருங்கம்மா" என்று என் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

வெளியே பெஞ்சு இருந்தது. என் வீட்டுக்காரர் உட்காரவில்லை. மலையிலிருந்து எடுத்து வந்த விபூதிப் பொட்டலத்தைக் கைக்குள் வைத்துக் கசக்கிக்கொண்டே நடந்தார். காகிதம் கிழிந்து விபூதி தரையெல்லாம் சிந்தியது. அவருக்கு அது தெரியவில்லை. எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. அரை மணிதான் என்று பிறகு சொன்னார்கள். டாக்டரம்மா வெளியே வந்தார்.

"ஆச்சும்மா. ஒன்பது."

என் வீட்டுக்காரர், "மூச்சு?" என்று கேட்டார்.

"நல்லா மூச்சு விட்டு அழறா. உங்களுக்குக் கேக்கலையா?"

அப்போதுதான் கேட்டது. உள்ளேயிருந்து பாப்பாவின் குரல், கம்மிப்போய், கோபத்தோடு. அவள் அழுது நான் சந்தோஷப்பட்டது பிறந்த அன்றும் அன்றைக்கும்தான். என் வீட்டுக்காரர் சட்டென்று பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்ததில் நெற்றி, மூக்கு, மீசை எல்லாம் விபூதி.

பல் டாக்டர் ஒரு தட்டில் அந்தப் பற்களைக் காட்டினார். குருணை அரிசியைக் கரியில் புரட்டிய மாதிரி இருந்தன. இரண்டின் வேரில் சீழ் கட்டியிருந்தது. "இதை வாய்ல வச்சுகினுதான் இத்தனை நாளும் இருந்திருக்கா" என்றார். அவர் குற்றம் சாட்டவில்லை, ஆச்சரியப்பட்டார். எனக்கு அவள் முதுகில் நான் வைத்த அடிகள் எல்லாம் ஞாபகம் வந்தன.

கிளம்பும்போது டாக்டரம்மாவிடம் துணி முடிச்சு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்திருக்க முடியவில்லை.

"தெரியாம செஞ்சீங்க. இப்போ தெரிஞ்சு போச்சு இல்ல? அடுத்த கொழந்தைக்குச் செய்யாதீங்க. இவளுக்குத் தினமும் ரெண்டு வேளை வாய் துடைங்க. நிக்கற பல்லையாவது காப்பாத்தலாம்."

அன்று முழுவதும் பாப்பா வாந்தி எடுத்தாள், எச்சிலில் ரத்தம் வந்தது. என்னைக் கிட்டே சேர்க்கவில்லை. அப்பாவின் தோளிலேயே கிடந்தாள். மறுநாள் ஆறிய பாலில் இட்டிலியைக் கரைத்துக் கொடுத்ததில் பாதி உள்ளே போனது. அதற்கு அடுத்த நாள் ஊருக்குத் திரும்பினோம். அரக்கோணத்தில் அடுத்த வண்டிக்காகப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் என் முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, பசிக்குது."

அந்த வார்த்தையை அவள் தானாகச் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பட்டினி போட்ட அந்தக் காலையைக் கணக்கில் சேர்க்கவில்லை. என் வீட்டுக்காரர் ஓடினார். இலையில் ஆறு இட்டிலியோடு வந்தார். அவள் மூன்றைத் தின்றாள். மிச்சத்தை நாங்கள் தின்போம் என்று நினைத்தோம். அவள் இலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். கன்னத்திலிருந்து கை இறங்கியது. பல் இல்லாத இடத்தில் ஈறு கெட்டிப்பட்டதும், மிச்சமிருந்த கடைவாய்ப் பற்களால் வேர்க்கடலை மெல்லக் கற்றுக்கொண்டாள். குளித்துவிட்டு வந்தால் தலை துவட்ட என் மடியில் தானே வந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் முதலில் வாசலில் நின்று பார்த்தார்கள். பத்து நாளில் எங்கள் பின்கட்டிலேயே கிடந்தார்கள். அவள் யாரையும் அடிக்கவில்லை. தோற்றால் மட்டும் கத்துவாள். அது அவளுடைய உண்மையான குணம், இன்றைக்கும் இருக்கிறது.

டிஸ்பென்சரியில் எடை கேட்டார்கள் என்று பட்டணம் போகும் முன்பே கடைத் தராசில் அவளை நிறுத்திருந்தோம். அப்போது எட்டு வீசை. மாசியில் என் வீட்டுக்காரர் மறுபடி அவளைத் தட்டில் உட்காரவைத்தார். ஒன்பதேகால் வீசை. நம்பாமல் இறக்கிவிட்டு, தட்டைத் துடைத்து, மறுபடி வைத்தார். அப்புறம் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் ஒன்பதேகால், ஒன்பதேகால் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சிரிப்புதான் எல்லாவற்றையும்விட. மேல் வரிசையில் முன்பல் ஒன்றுகூட இல்லாத வாயை அகலமாகத் திறந்து அவள் சிரிப்பாள். படி ஏற வந்தவர்கள் அவளை "சரவணபவ" சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். "தரவணபவ" என்பாள். அவர்களும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். கிருத்திகை அன்று அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு எல்லாப் படியும் ஏறினாள். அதற்கு முன்னெல்லாம் பத்துப் படியிலேயே தூக்கச் சொல்லுவாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். டிஸ்பென்சரி வாசலைத் தாண்டும்போது வருகிற மருந்து நெடிக்கு அவள் என் கையை இறுக்கிக்கொள்வது பல வருஷம் போகவில்லை. பிறகு முளைத்த பற்களில் இரண்டு கோணலாக வந்தன. ஆனால் எல்லாம் கெட்டியாக வந்தன.

கடைக்குக் கைக்குழந்தையோடு வருகிற பெண்களிடம், வாயில் வெல்லம் வைத்துத் தூங்கப் போடாதீர்கள் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். அம்மையார்குப்பத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெல்லக் கடைக்காரியே வெல்லம் வேணாங்கறா, இன்னா கலப்படமோ" என்று வாங்காமலே போய்விட்டாள். என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ சொல்லு, நான் இன்னும் தாராளமா நிறுத்துப் போடறேன்" என்றார்.

அடுத்த ஆனியில் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, வாத்தியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பழைய ஞாபகத்தில், யாரையாவது கடித்துவிட்டாளோ என்று பதறிக்கொண்டு போனேன்.

"இன்னாம்மா பொண்ணு வளர்த்திருக்கீங்க?" என்றார் அவர். "காலைல மணி அடிச்சதுலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வாயை மூட மாட்டேங்குது. பக்கத்துல எந்தப் பொண்ணை உக்கார வச்சாலும் அதையும் சிரிக்க வச்சிடுது. வீட்ல கண்டிச்சு வையுங்க."

"ஆகட்டுங்க" என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். தெருமுனை திரும்பிய பிறகு, சாலையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். வீட்டில் நாங்கள் யாரும் அவளைக் கண்டிக்கவில்லை.